செண்டுமல்லியின் தலையைக் கிள்ளிய சடைச்சி

ராஜாக்கள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நல்ல மழை பெய்தால் நாலு ராஜா முளைப்பார்கள். ஒரு வாரம் வெயில் அடித்தால் அதில் மூன்று பேர் காணாமல் போவார்கள். அப்படி மழைக்கு முளைத்து, வெயிலுக்கும் தப்பிப் பிழைத்த ராஜா ஒருவர் தும்பையூரை ஆண்டுவந்தார். அவர் பேர் நெடுங்கோ.

பேர்தான் நெடுங்கோ, ஆள் குள்ளம். அது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் முன்னால் வருகிறவர்கள் எல்லாரும் முழங்காலை மடக்கி, வாத்து நடப்பதுபோல நடந்து வருவார்கள். அரண்மனையில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. வைத்தியருக்கு நல்ல காலம்.

நாடும் பெரிய நாடு இல்லை. ராஜா கிழக்கு வாசலில் தும்மினால், மேற்கு வாசல் காவல்காரன் "நூறு வயசு" என்பான். அவ்வளவுதான் தும்பையூர்.

ராஜாவைச் சுற்றி எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். மந்திரி நயினார் ஒருவர். சோசியர் ஏகாம்பரர் ஒருவர். புலவர் இனிமொழியார் ஒருவர். ராஜா காலையில் கண் விழித்தால், "தாங்கள் எழுந்ததைப் பார்த்துத்தான் சூரியன் எழுந்தது" என்பார் மந்திரி. ராஜா ஏப்பம் விட்டால், "கிழக்கே இடி. நல்ல சகுனம்" என்பார் சோசியர். ராஜா பாடினால், "குயிலெல்லாம் வெட்கப்பட்டு ஊரை விட்டே போய்விட்டது" என்பார் புலவர். கடைசியாகச் சொன்னதில் பாதி உண்மை. குயில்கள் போய்த்தான் இருந்தன.

ஒருநாள் கடல் தாண்டி வந்த வியாபாரி ஒருவன், ராஜாவுக்குக் காணிக்கையாக ஒரு பை விதை கொடுத்தான். கறுப்பு ஊசியின் முனையில் வைக்கோல் துணுக்கு ஒட்டியதுபோல ஒவ்வொரு விதையும் இருந்தது.

"மகாராஜா, இதன் பேர் செண்டுமல்லி" என்றான் வியாபாரி. "ஒவ்வொரு பூவும் லட்டு அளவு இருக்கும். சரியாக வளர்த்தால் ஒரு செடியில் ஐம்பது பூ நிச்சயம். எழுபத்தைந்து நாளில் தோட்டமே தீப்பிடித்த மாதிரி நிற்கும்."

சரியாக வளர்ப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரியும் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டான்.

ராஜாவுக்கு உடனே தன் மச்சான் நினைவு வந்தது. மச்சான் என்றால் ராணியின் அண்ணன். கீழைக்கோட்டையின் ராஜா, வில்லவன். ஆறடி உயரம், அதற்கேற்ற வாய். வருகிற போதெல்லாம் எதையாவது பார்த்துக் கிண்டல் செய்துவிட்டுத்தான் போவான். போன தடவை தும்பையூர் கோட்டைச் சுவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, இது கோட்டையா, ஆட்டுப்பட்டியா?" என்று கேட்டிருந்தான். அந்த வார்த்தை ராஜாவின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"எழுபத்தைந்தாம் நாள் மச்சானை விருந்துக்கு அழையுங்கள்" என்றார் ராஜா. "அவன் வாயடைத்து நிற்க வேண்டும்!"

விதைகளை மூன்று பங்காக்கினார்கள். மந்திரிக்கு ஒரு பாத்தி, சோசியருக்கு ஒரு பாத்தி, புலவருக்கு ஒரு பாத்தி. பையின் அடியில் ஒரு கைப்பிடி விதை மிஞ்சியது.

"இதை என்ன செய்வது?" என்று கேட்டார் மந்திரி.

"யானைக் கொட்டடிச் சுவரோரம் வீசச் சொல்லுங்கள்" என்றார் ராஜா.

அங்கேதான் சடைச்சி இருந்தாள். யானைச் சாணம் அள்ளுகிறவள். நாற்பது வயது, தனி ஆள். தன் குடிசையைச் சுற்றி அவரை, கத்தரி, சாமந்தி என்று ஒரு முழம் மண்ணையும் விடாமல் ஏதாவது வைத்திருப்பாள். செண்டுமல்லியை அவள் அதுவரை கண்டதில்லை. ஆனாலும் விதையை வீசவில்லை. கொட்டடிச் சுவரோரம் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிப் போன பழைய சாணத்தை இரண்டு கூடை கலந்து, மேலாக விதைத்து, மண்ணை லேசாகத் தூவி மூடினாள்.

விதைத்த அன்றே ராஜா ஓர் ஆணை போட்டார். "இந்தச் செடிகள் என் பிள்ளைகள். உச்சியில் வருகிற முதல் மொட்டு இளவரசன். அதன்மேல் கை வைக்கிறவனுடைய பத்து விரலும் எனக்குச் சொந்தம்."

பறை அறைந்தார்கள். மக்கள் கேட்டார்கள். தங்கள் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஐந்தாம் நாள் நான்கு இடத்திலும் முளை வந்தது. அதன்பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

மந்திரி நயினார், "ராஜாவின் பிள்ளைக்குத் தாகம் எடுக்கலாமா?" என்று நாளுக்கு ஏழு தடவை தண்ணீர் ஊற்றினார். மண் காய நேரமே கொடுக்கவில்லை. பாத்தியில் தவளை குடியேறியது. செடியின் கீழ் இலை மஞ்சளாகி, வேர் அழுகி, தொட்டால் கையோடு வந்தது.

சோசியர் ஏகாம்பரர், "ராஜாவின் பிள்ளைக்குப் பசி எடுக்கலாமா?" என்று பச்சைச் சாணத்தைத் தொடையளவு கொட்டினார். மேலே பாலும் தேனும் ஊற்றினார். ஊர் எறும்பெல்லாம் உறவினரோடு வந்து சேர்ந்தது. செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. கொழுத்த இலை, கொழுத்த தண்டு. பூவுக்கான அறிகுறி மட்டும் இல்லை. ஒருநாள் காற்று வீசியது. மொத்தப் பாத்தியும் குடித்துவிட்டு விழுந்தவன் மாதிரி விழுந்துவிட்டது.

புலவர் இனிமொழியார், "ராஜாவின் பிள்ளைக்கு வெயில் படலாமா?" என்று பட்டுப் பந்தல் போட்டார். பந்தலடியில் உட்கார்ந்து நாளுக்கு நூறு பாட்டுப் பாடினார். செடிகள் வெளுத்து, நூல்போல மெலிந்து, வெளிச்சத்தைத் தேடிப் பந்தலுக்கு வெளியே கழுத்தை நீட்டின. பாட்டிலிருந்து தப்பிக்கப் பார்த்தன என்று தோட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

சடைச்சி என்ன செய்தாள்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாற்று நாலு விரல் உயரம் வந்ததும் பிடுங்கி, ஒரு முழ இடைவெளியில் நட்டாள். தேறியது நாற்பத்திரண்டு செடி. மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் வேரில் ஊற்றுவாள், ஈரமிருந்தால் பேசாமல் போய்விடுவாள். களை பிடுங்குவாள். கொட்டடிப் பக்கம் திரிகிற ஆடுகள் வந்து மோந்து பார்த்து, அந்த வாடை பிடிக்காமல் முகம் சுளித்துப் போகும். "நல்லதாப் போச்சு, வேலி மிச்சம்" என்று சிரித்துக்கொள்வாள்.

நாற்பதாம் நாள் உச்சியில் முதல் மொட்டு தலைகாட்டியது. பட்டாணி அளவு, பச்சை. சடைச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆணை அவளுக்குத் தெரியாதா? தெரியும். சாமந்தி வளர்த்த கை வேறொன்றைச் சொன்னது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தாள். கிள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்திரண்டு கொண்டையையும் கிள்ளி எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாணம் வாங்கச் சோசியர் வந்தார். பார்த்தார். கூடையைப் போட்டார்.

"ராஜ துரோகம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் முழங்காலை மடக்க மறந்துபோனார்.

சபை கூடியது. சடைச்சியை நிறுத்தினார்கள்.

"கிள்ளினாயா?" என்றார் ராஜா.

"கிள்ளினேன், ராசா."

"எத்தனை?"

"நாப்பத்திரெண்டு."

"நாற்பத்திரண்டு இளவரசர்கள்!" என்று புலவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் பாத்தியில் ஒரு மொட்டுக்கூட வரவில்லை என்பது வேறு விஷயம்.

"ஏனடி செய்தாய்?" என்று கத்தினார் ராஜா.

சடைச்சி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "உச்சியிலே ஒரு பூ பூத்துட்டா, செடிக்கு அதுவே போதும்னு ஆயிடும், ராசா. அதுக்கு மேலே கிளைக்காது. அந்தக் கொண்டையைக் கிள்ளிட்டா, பக்கத்துக்குப் பக்கம் கிளை வெடிக்கும். கிளைக்குக் கிளை பூ வரும். பத்து நாள் பிந்தும். ஆனா வந்தா, அள்ள முடியாது."

"மகாராஜாவுக்கே பாடம் நடத்துகிறாள்!" என்றார் மந்திரி.

"தலை இருக்கக் கூடாதென்கிறாள். இதன் உட்பொருளைத் தாங்கள் கவனிக்க வேண்டும்" என்றார் சோசியர்.

ராஜா கவனித்தார். முகம் சிவந்தது. "பத்து விரலையும் வெட்டுங்கள்!"

சடைச்சி பயப்படவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். விரலில்லாதவள் சாணம் அள்ள முடியாது, சோறு அள்ளவும் முடியாது. ஆனாலும் குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வெட்டுங்க, ராசா. உங்க ஆணை. ஆனா இன்னைக்கே வெட்டினா அந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா? இவங்க மூணு பேருமா? உங்க மச்சான் வர்ற அன்னைக்குப் பாருங்க. பூக்கலேன்னா நானே வந்து கையை நீட்டுறேன்."

ராஜா யோசித்தார். மூன்று பாத்திகளின் நிலைமை அவருக்குத் தெரியாது. "கம்பீரமாக வளர்கின்றன" என்று சொல்லிவைத்திருந்தார்கள். இருந்தாலும் மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு பாத்தி கூடுதலாகப் பூத்தால் நல்லதுதானே?

"சரி. அதுவரை இவள் ஓடிப்போகாமல் இரண்டு காவலர்கள் கூடவே இருக்கட்டும்."

அன்று சடைச்சி சோறு பிசைந்தபோது விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை வழக்கம்போல மண்ணைத் தொட்டுப் பார்க்கப் போனாள்.

மூன்று நாள் ஆயிற்று. செடி மொட்டையாக நின்றது. ஆறு நாள் ஆயிற்று. அப்போதும் மொட்டைதான். காவலர்கள் இரக்கத்தோடு அவள் விரல்களைப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவர்களில் ஒருவன் கத்தினான்: "அக்கா! இங்கே பாரு!"

ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு சின்னத் துளிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு காவலர்களுக்குக் காவல் மறந்துபோயிற்று. ஒருவன் தண்ணீர் சுமந்தான். இன்னொருவன் தன் ஈட்டியை மண்ணில் ஊன்றி, பாரம் தாங்காமல் சாய்ந்த செடியை அதோடு சேர்த்துக் கட்டினான். ஈட்டி போதாமல் மூங்கில் குச்சி வெட்டிவந்தார்கள். "போரிலேகூட இந்த ஈட்டி இவ்வளவு உபயோகப்பட்டதில்லை, அக்கா" என்றான் அவன்.

இதற்கிடையே அந்த மூன்று பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள். விருந்துக்கு மூன்றே நாள். அழுகிய பாத்தி ஒன்று, விழுந்த பாத்தி ஒன்று, வெளுத்த பாத்தி ஒன்று. என்ன செய்வது? மந்திரிக்கு யோசனை உதித்தது. இலவம் பஞ்சு ஒரு மூட்டை, மஞ்சள்தூள் ஒரு மூட்டை வரவழைத்தார். பஞ்சை உருட்டி, மஞ்சளில் தோய்த்து, காயவைத்து, செடிக்குச் செடி நூலால் கட்டினார்கள். விழுந்த செடிகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அழுகிய செடிகளுக்குப் பதிலாக வேப்பங்கொத்தை நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மிகவும் தூரத்திலிருந்து.

எழுபத்தைந்தாம் நாள் மச்சான் வில்லவன் வந்து சேர்ந்தான். ராஜா மேல்மாடத்தில் நின்று கையை நீட்டிக் காட்டினார். "பார்த்தீர்களா, மச்சான்? என் தோட்டம்!"

வில்லவன் பார்த்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நெடுங்கோ ராஜாவின் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நொடி வந்ததில்லை.

நொடி முடிந்தது. மழை தூறியது.

"மாப்பிள்ளை, கிட்டே போய்ப் பார்ப்போமே" என்று இறங்கி நடந்தான் வில்லவன். தோட்டத்தில் பூக்களிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் மஞ்சள், மண்ணெல்லாம் மஞ்சள்.

"உங்க ஊரிலே பூவுக்கு வேர்க்குமா, மாப்பிள்ளை?"

"ஆனந்தக் கண்ணீர், பிரபு" என்றார் மந்திரி, தயங்காமல்.

வில்லவன் ஒரு பூவைப் பறித்தான். பிழிந்தான். முகர்ந்தான். "சாம்பாருக்கு ஆகும்" என்றான். பிறகு பஞ்சைப் பிரித்துப் பார்த்து, "தலையணைக்கும் ஆகும்" என்றான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், ஒரு சிரிப்பு! அவனோடு வந்த படையும் சிரித்தது. பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு ராணியும் சிரித்தாள். அண்ணன் சிரிக்கும்போது அவள் என்ன செய்வாள்?

நெடுங்கோ ராஜாவுக்கு அழுகை முட்டியது. சபையில் அழ முடியாது, "என்ன கம்பீரமான அழுகை!" என்று புலவர் தொடங்கிவிடுவார். புகழ்வதற்கு ஆள் இல்லாத இடமாகத் தேடி நடந்தார். அப்படிப்பட்ட இடம் அந்த நாட்டில் ஒன்றுதான் இருந்தது. யானைச் சாணம் கொட்டுகிற இடம்.

கொட்டடிச் சுவரைத் தாண்டித் திரும்பியவர் அப்படியே நின்றார்.

நாற்பத்திரண்டு செடி. இடுப்பளவு உயரம், குடை விரித்த மாதிரி அகலம். கிளைக்குக் கிளை பூ. காவியும் மஞ்சளுமாக, மழைத்துளியோடு, கண் கூசும்படி. வண்டுகள் மழை விட்ட இடைவெளியில் அவசர அவசரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் சடைச்சி, வாடிய பூக்களைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜாவைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பத்து விரலையும் நீட்டினாள்.

"பூத்திருக்கு, ராசா. ஆனாலும் ஆணை உங்களோடது."

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அழறீங்களா?"

"இல்லை."

"மூக்கு ஒழுகுது."

ராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் ஒருவரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. கோபம் வரவேண்டும், ஏனோ வரவில்லை. சாணக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"சடைச்சி, பாத்திகள் அழுகியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேறென்ன சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்?"

"வேணாம், ராசா. எனக்கு விரல் வேணும்."

"விரல் உனக்கே. சொல்."

சடைச்சி காவலர்களைப் பார்த்தாள். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள்: "மேலத்தெரு ஏரிக் கரை உடைஞ்சு மூணு வருசம் ஆச்சு. பேயுற மழையெல்லாம் ஓடிப் போவுது. அங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கு. சனங்க கீழைக்கோட்டைக்குப் போயிட்டாங்க."

ராஜா எழுந்தார். "பொய்! ஏரி ஓய்வெடுக்கிறது என்று மந்திரி சொன்னார்!"

"ஏரி எதுக்கு ராசா ஓய்வெடுக்குது? அது என்ன பாரம் சுமந்துச்சு?"

ராஜா உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "மக்கள் தீர்த்த யாத்திரை போயிருக்கிறார்கள் என்று சோசியர் சொன்னார்!"

"பொண்டு பிள்ளை, ஆடு மாடு, அம்மிக்கல்லோடயா?"

ராஜா உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எழுந்து வாளில் கை வைத்தார். காவலர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ராஜா சற்றுநேரம் கழித்து வாளிலிருந்து கையை எடுத்தார்.

"வலிக்கிறது, சடைச்சி" என்றார் மெதுவாக.

"வலிக்கும், ராசா" என்றாள் அவள்.

மறுநாள் காலை ராஜா ஏரிக்கு நடந்தே போனார். உடைப்பைப் பார்த்தார். பூட்டிய வீடுகளைப் பார்த்தார். ஒரு வீட்டு வாசலில் முளைத்திருந்த எருக்கைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு முதல் கூடை மண்ணைத் தானே தூக்கினார். "இந்த மண் செய்த பாக்கியம்…" என்று புலவர் ஆரம்பித்தார். ராஜா இரண்டாவது கூடையை அவர் தலையில் வைத்தார். மூன்றாவது மந்திரிக்கு. நான்காவது சோசியருக்கு. அன்றைக்கு நல்ல நாளா இல்லையா என்று அவர் வாயே திறக்கவில்லை.

வில்லவன் கரையில் நின்று, "மாப்பிள்ளை, கூடை தூக்கும்போது முதுகு வளையுதே" என்று கிண்டல் செய்தான். கிண்டலோடு கிண்டலாக நூறு ஆட்களையும் அனுப்பினான். நாற்பது நாளில் கரை நிமிர்ந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. தை மாதம் அறுவடைக்கு முன்பே பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நெடுங்கோ ராஜா ஒரே நாளில் ஞானியாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். புகழ்ச்சி அவருக்குக் கடைசிவரை இனித்தது. ஆனால் மாதம் ஒருநாள் சடைச்சியைச் சபைக்கு அழைத்து, அந்த மாதம் தான் செய்த தவறுகளைச் சொல்லச் சொன்னார். அவள் சொல்வாள். அவர் முகம் சிவக்கும், காது சிவக்கும், சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்து நெரிப்பார். சில மாதம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, "அப்புறம்?" என்பார்.

அவர் அவளுக்குப் பட்டம் கொடுக்கப் பார்த்தார். அவள் இன்னும் இரண்டு பாத்திக்கு இடம் கேட்டாள்.

ஆகையால் கேட்டவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் நம்மை வளர்க்கிறவர்கள் அல்லர், வலிக்கும்படி கிள்ளுகிறவர்கள் எல்லாரும் நம் பகைவர்களும் அல்லர்.